ஜாக் கிர்பி: படம் போட்டவரா, கதையே அவருடையதா?

கரிக்கோல்:
மார்வெல் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஸ்டான் லீ, ஜாக் கிர்பி என்று இரண்டு பெயர்கள் அடிக்கடி சேர்ந்து வரும். லீ கதையை யோசித்தார், கிர்பி அதற்குப் படம் போட்டார் என்றுதான் பலரும் அதைப் புரிந்துகொள்கிறார்கள். 1960களில் மார்வெல் காமிக்ஸ் கம்பெனியில் வேலை நடந்த விதத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கு தப்பு என்பது என் வாதம். அதற்காகத்தான் இந்த இழை.

அப்போது மற்ற கம்பெனிகளில் எழுத்தாளர் ஒவ்வொரு பேனலுக்கும் (படக் கட்டத்துக்கும்) ஸ்கிரிப்ட் எழுதித் தருவார். ஓவியர் அதன்படி வரைவார். மார்வெலில் லீ ஒருவரே ஆசிரியராகவும் முக்கால்வாசி இதழ்களுக்கு எழுத்தாளராகவும் இருந்தார். ஒவ்வொன்றுக்கும் முழு ஸ்கிரிப்ட் எழுத நேரம் ஏது? ஓவியருக்குச் சின்னக் கதைச்சுருக்கம் ஒன்று போகும். சில சமயம் வாய்ப்பேச்சோடு சரி. கிர்பி வீட்டு நிலவறையில் உட்கார்ந்து 20 பக்கத்தையும் பென்சிலில் வரைவார். எந்தக் காட்சி எத்தனை பேனல், யார் எப்போது உள்ளே வருகிறார், சண்டை எங்கே முடிகிறது, எல்லாம் அவர் முடிவு. பக்க ஓரத்தில் இங்கே இது நடக்கிறது, இவன் இப்படிச் சொல்கிறான் என்று குறிப்பும் எழுதி அனுப்புவார். அதற்குப் பிறகுதான் லீ வசனம் எழுதுவார். அந்த ஓரக் குறிப்புகள் பல ஒரிஜினல் பக்கங்களில் இன்னும் படிக்கக் கிடைக்கின்றன.

சில்வர் சர்ஃபர் கதையை லீயே பலமுறை சொல்லியிருக்கிறார். 1966ல், நாலு சாகசக்காரர்களின் கதையான ஃபேண்டாஸ்டிக் ஃபோரின் 48ஆம் இதழ். கிரகங்களைத் தின்னும் கலாக்டஸ் என்ற ஒருவனைப் பற்றிப் பேசி வைத்திருந்தார்கள். பக்கங்கள் வந்தபோது பேச்சிலேயே வராத ஒரு வெள்ளி மனிதன் பலகை மேல் நின்று பறந்துகொண்டிருந்தான். யார் இது என்று லீ கேட்டிருக்கிறார். இவ்வளவு பெரிய ஆளுக்கு முன்னால் கட்டியம் கூற ஒருவன் வேண்டாமா என்று கிர்பி பதில் சொன்னாராம். ஸ்கிரிப்டில் இல்லாத பாத்திரத்தை வரைந்தே உண்டாக்கியவரை வெறும் ஓவியர் என்று எப்படிச் சொல்வது?

நாலாம்பக்கம்:
நண்பரே, பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியில் சண்டை போடுவேன்.

ஃபேண்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழுக்கு (1961) லீ தட்டச்சு செய்த கதைச்சுருக்கம் இன்றும் இருக்கிறது. அதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அப்புறம், அந்தக் கதைகளை அன்று பையன்கள் மாதாமாதம் தேடி வாங்கியது வெறும் சண்டைக்காகவா? அந்த நால்வரில் பாறை உடம்புக்காரனான திங் தன் உருவத்தை நினைத்துப் புழுங்குவதும் ஜானியும் அவனும் வாய்க்கு வாய் வம்பு இழுப்பதும் லீயின் பேச்சுநடையில்தான் உயிர் பெற்றன. கிர்பி தனியாக எழுதிய 1970களின் இதழ்களை எடுத்துப் படியுங்கள். வசனத்தில் பாதி மேடைப் பிரசங்கம். எல்லோரும் ஆச்சரியக்குறி போட்டே பேசுகிறார்கள். வேண்டாத இடத்தில் எல்லாம் மேற்கோள் குறி.

இன்னொன்று. ஓவியர், அவருடைய பென்சில் கோட்டின் மேல் மை போட்டவர், எழுத்து வரைந்தவர் என்று எல்லார் பெயரையும் முதல் பக்கத்தில் ஒழுங்காகப் போடும் பழக்கத்தை வளர்த்ததில் லீக்குப் பெரிய பங்கு உண்டு. கிர்பியின் பெயர் நமக்குத் தெரிவதற்கே அது ஒரு காரணம்.

கரிக்கோல்:
அந்தச் சுருக்கம் எப்போது தட்டச்சு செய்யப்பட்டது என்பதிலேயே கிர்பி பக்கத்து ஆட்களுக்குச் சந்தேகம் உண்டு. அது உண்மையாகவே இருக்கட்டும். 1957ல் போட்டிக் கம்பெனியான டிசிக்காகக் கிர்பி வரைந்த சேலஞ்சர்ஸ் ஆஃப் தி அன்நோன் பார்த்திருக்கிறீர்களா? விமான விபத்தில் பிழைத்த நாலு பேர், இனி இருப்பது ஓசி உயிர்தானே என்று ஆபத்தைத் தேடிப் போகிறார்கள். நாலு வருடம் கழித்து ஃபேண்டாஸ்டிக் ஃபோரில் ராக்கெட் விபத்தில் பிழைத்த நாலு பேர் வருகிறார்கள். அதே 1957ல் டிசியின் ஒரு குட்டிக் கதையில் சுத்தியலும் தாடியுமாக, வட ஐரோப்பிய நார்ஸ் புராணக் கடவுளான தோரையும் வரைந்திருக்கிறார். மார்வெலின் தோர் வந்தது 1962ல். நார்ஸ் புராணம் அவர் தலையில் முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

பெயர் போட்டதைப் பற்றி: போட்டார்கள், சரி. எப்படிப் போட்டார்கள்? எழுதியவர் லீ, வரைந்தவர் கிர்பி. கதை அமைத்தவர் யார் என்று சொல்ல அங்கே இடமே இல்லை. எழுத்துக்கான கூலியும் கிர்பிக்கு வரவில்லை. இதே முறையில் வேலை செய்த ஸ்டீவ் டிட்கோ சண்டை பிடித்து, ஸ்பைடர்மேனில் கதை அமைப்புக்கும் தன் பெயரைப் போட வைத்தார். கிர்பிக்கு மனைவி, நாலு குழந்தைகள். சண்டை பிடிக்கும் நிலையில் அவர் இல்லை.

புதுவரவு_22:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் படங்கள் மூலமாக வந்தவன். ஆர்வத்தில் பழைய இதழ்களைப் புரட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்: எனக்கு அந்தப் படங்கள் அசிங்கமாகத்தான் தெரிகின்றன. விரல் நுனி எல்லாம் சதுரம். பெண்கள் எல்லோருக்கும் ஒரே முகம். முழங்கால் எங்கே மடங்குகிறது என்றே தெரியவில்லை. இதில் என்ன மேதைமை?

மைப்புட்டி:
நல்ல கேள்வி தம்பி. நான் விளம்பரத் துறையில் படம் வரைந்து பிழைப்பவன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன். சதுர விரல் இருப்பது உண்மை. பெண் முகங்கள் பற்றிச் சொன்னதும் பெருமளவு உண்மை.

ஆனால் ஒரு குத்தை எப்படி வரைகிறார் என்று பாருங்கள். பொதுவாக ஓவியர்கள் முஷ்டி தாடையில் படும் கணத்தை வரைவார்கள். கிர்பி அது பட்டு முடிந்த கணத்தைப் பிடிப்பார். அடித்தவனின் கை முழுதாக நீண்டு அடுத்த பக்கம் வந்துவிட்டிருக்கும், வாங்கியவன் காற்றில் போய்க்கொண்டிருப்பான், காலை நூறு பாகை அகற்றி வைத்திருப்பான். அசைவின் தொடக்கமும் முடிவும் ஒரே பேனலில். இன்னொரு பக்கம், நம்மை நோக்கி நீளும் கை. முஷ்டி தலையைவிடப் பெரிதாக இருக்கும். உடற்கூறு புத்தகத்தை வைத்து அளந்தால் எல்லாம் தப்பு. ஆனால் கண் அதைத் தப்பென்று நினைப்பதற்குள் அடி விழுந்துவிடும். முழங்கால் மடங்கும் இடம் அவருக்குத் தெரியாமல் இல்லை, 1940களின் பக்கங்களில் உடல்கள் ஒழுங்காகவே இருக்கின்றன. வேண்டுமென்றே அதை விட்டு விலகிப் போனார்.

அப்புறம் அந்தக் கருப்புப் புள்ளிகள். விண்வெளி, வெடிப்பு, மந்திர சக்தி வரும் இடமெல்லாம் குமிழ் குமிழாக வட்டங்கள் கூடிக் கிடக்கும். ரசிகர்கள் கிர்பி கிராக்கிள் என்பார்கள். சக்திக்கு உருவம் கிடையாது. அதைச் சுற்றியுள்ள வெறுமையை வரைந்து சக்தியை வெள்ளையாக விட்டுவிடுகிறார். இன்றைக்கும் யாராவது பிரபஞ்ச சக்தியை வரைந்தால் அந்தப் புள்ளிகள் எங்காவது எட்டிப் பார்க்கும். பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிக் கொலாஜ் பக்கங்களும் செய்தார். அன்றைய மலிவுக் காகிதத்தில் அவை சேறு மாதிரி அச்சாகின. ஒரிஜினலைப் பார்த்தவர்கள்தான் அவர் மனதில் இருந்ததைப் பார்த்தவர்கள்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம். 1967 வாக்கில் கம்பெனிகள் ஒரிஜினல் தாளின் அளவைக் குறைத்தன. அதற்கு முன் அச்சிடும் அளவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பெரிய தாளில் வரைவார்கள். பிறகு ஒன்றரை மடங்குதான். அதற்குப் பின் வந்த கிர்பி பக்கங்களில் பேனல்கள் குறைகின்றன, உருவங்கள் பெரிதாகின்றன. தோர் இதழ்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும்.

நாலாம்பக்கம்:
மை போட்டவர்களை மறந்துவிட்டீர்களே! கிர்பி தன் பென்சிலுக்குத் தானே மை போட்டது அபூர்வம். அவரை நாம் பார்ப்பது எப்போதும் இன்னொருவரின் தூரிகை வழியாகத்தான்.

மைப்புட்டி:
வந்துவிட்டேன், அதற்குள் அவசரம்! என் பெயரே அதுதானே.

ஜோ சின்னட் ஃபேண்டாஸ்டிக் ஃபோரில் 44ஆம் இதழிலிருந்து நிலையாக வருகிறார். உலோகம் பளபளக்கும், இயந்திரங்கள் கூர்மையாகும், முகங்கள் கொஞ்சம் அழகாகும். வின்ஸ் கொலெட்டா தோருக்குப் போட்டார். கீறல் கீறலான மெல்லிய கோடு, புராணக் கதைக்கு அது பொருந்தியது என்பவர்கள் உண்டு. ஆனால் மனிதர் கெடுவைக் காப்பாற்றுவதற்காகக் கிர்பி வரைந்த பின்னணி ஆட்களையும் கட்டடங்களையும் அழிப்பான் வைத்து அழித்துவிடுவார். கூட்டமாக நின்ற இடம் காலியாகிவிடும். பென்சில் பிரதிகளோடு அச்சான பக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்த, கிர்பியின் உதவியாளராக இருந்த மார்க் எவனியர் போன்றவர்களுக்கு அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. 1970ல் கிர்பி டிசிக்குப் போன பிறகும் முதலில் கொலெட்டாதான். கிர்பி பிடிவாதமாகக் கேட்டு மைக் ராயரைக் கொண்டுவந்தார். ராயர் ஒரு கோட்டையும் மாற்ற மாட்டார். அங்கே அவர் செய்த நியூ காட்ஸின் 4ஆம் இதழையும் 5ஆம் இதழையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு வேறு ஓவியர்கள் என்று சத்தியம் செய்வீர்கள்.

பழைய_ராணுவம்:
எல்லோரும் 1960களிலேயே நிற்கிறீர்கள். ஆள் எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்லுங்கள்.

இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். 1917ல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் பிறந்தவர். பெற்றோர் ஆஸ்திரியாவிலிருந்து வந்த யூதர்கள், அப்பா துணித் தொழிற்சாலைத் தொழிலாளி. தெருவுக்குத் தெரு பையன்கள் கும்பல் கட்டி அடித்துக்கொண்ட பகுதி அது. மொட்டை மாடியிலும் படிக்கட்டிலும் போட்ட அந்தச் சண்டைகள்தான் அவர் வரைந்த சண்டைகள். பாப்பை கார்ட்டூன் எடுத்த ஃப்ளைஷர் ஸ்டூடியோவில் அசைவுகளுக்கு இடைப்பட்ட படங்களை வரைந்தார். தொழிற்சாலை மாதிரி இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

ஜோ சைமனுடன் சேர்ந்து 1940 டிசம்பரில் கேப்டன் அமெரிக்கா முதல் இதழைக் கொண்டுவந்தார். அட்டையில் ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து. அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஒரு வருடம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. உள்ளூர் நாஜி ஆதரவாளர்களிடமிருந்து மிரட்டல்கள் வந்தன. மேயர் லா கார்டியாவே போன் செய்து பாதுகாப்புக்கு உறுதி தந்தார் என்று சைமன் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தின் லாபத்தில் பேசிய பங்கு ஒழுங்காக வரவில்லை என்பதும் சைமன் சொன்னதுதான். இருவரும் டிசிக்குப் போனார்கள்.

1943ல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார். 1944 ஆகஸ்டில் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் இறங்கினார். முதல் தரையிறக்கம் முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அமெரிக்கத் தளபதி பேட்டனின் மூன்றாம் படை. கேப்டன் அமெரிக்காவை வரைந்தவன் என்று தெரிந்ததும் மேலதிகாரி அவரை முன்னால் தனியாக அனுப்பி எதிரி இருக்கும் இடங்களை வரைந்து வரச் சொன்னார் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் கால்கள் உறைந்து போயின. வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர்கள் பயந்தார்கள். நல்ல வேளை, தப்பின.

நானும் சீருடை போட்டவன், அதனால் ஒன்று சொல்கிறேன். டார்க்சைட் என்ற வில்லனை வரைந்தவர் தீமையைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. டார்க்சைட் அதிகம் கத்துவதில்லை, ஓடுவதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். மற்ற உயிர்கள் தன் விருப்பப்படி மட்டுமே நினைக்க வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தேவை. அவன் தேடும் சூத்திரத்துக்கு உயிர் எதிர்ப்புச் சமன்பாடு என்று பெயர்.

புதுவரவு_22:
டார்க்சைட் கிர்பி உருவாக்கியதா? டிசி வில்லன் அல்லவா?

கரிக்கோல்:
ஆமாம், டிசிதான். 1970ல் கிர்பி மார்வெலை விட்டு அங்கே போனார். காரணங்கள் நிறைய. 1966ல் ஒரு நியூயார்க் நாளிதழில் வந்த கட்டுரை லீயை நாயகனாகக் காட்டி, கிர்பியை உள்ளாடைத் தொழிற்சாலையின் துணை மேஸ்திரி போல இருக்கிறார் என்று எழுதியது. குடும்பமே புண்பட்டது. 1968ல் சில்வர் சர்ஃபருக்குத் தனி இதழ் தொடங்கினார்கள், வரைய அழைத்தது ஜான் புஸ்செமாவை. புஸ்செமா மகா கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாத்திரத்துக்குக் கிர்பி மனதில் வைத்திருந்த பூர்வகதை வேறு. அவரைக் கேட்காமலே வேறொன்று எழுதப்பட்டது. கறிவேப்பிலையாக ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தால் யார்தான் இருப்பார்?

டிசியில் நியூ காட்ஸ், ஃபாரெவர் பீப்பிள், மிஸ்டர் மிராக்கிள் என்று மூன்று இதழ்களையும், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த, சூப்பர்மேனின் நண்பன் ஜிம்மி ஓல்சனின் இதழையும் பிணைத்து ஒரே பெருங்கதை சொன்னார். ஜிம்மி ஓல்சனைத் தேர்ந்தெடுத்தது ஏன் தெரியுமா? அதற்கு நிலையான ஓவியர் இல்லை, தன்னால் யாருக்கும் வேலை போகாது என்பதால் என்று அவர் தரப்பில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் வரைந்த சூப்பர்மேன் முகத்தை டிசி வேறு ஓவியரை வைத்துத் திருத்தி ஒட்டியது. கிர்பி உடம்பின் மேல் அல் பிளாஸ்டினோவோ மர்பி ஆண்டர்சனோ வரைந்த தலை. பார்த்தாலே கழுத்தில் தையல் தெரியும்.

1972ல் நியூ காட்ஸை நிறுத்திவிட்டார்கள். கதை பாதியில் நின்றது.

சிவகாசி_வாசகன்:
நான் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். நமக்கு அப்போது சூப்பர் ஹீரோ என்றால் இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும்தானே (ஸ்பைடர்மேன் அல்ல, இவன் வேறு). இரண்டுமே இங்கிலாந்து சரக்கு. இரும்புக்கையை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். நான் கிர்பியைப் பார்த்தபோது முப்பதைத் தாண்டிவிட்டேன். பிளாஸ்கோவின் நிழலும் நுணுக்கமும் பழகிய கண்ணுக்குக் கிர்பி முரட்டுத்தனமாகத்தான் பட்டார். இன்றும் என் ஓட்டு பிளாஸ்கோவுக்கே.

ஒரு உபரிச் செய்தி: நம் ஸ்பைடரின் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். சொந்தப் பிள்ளை மேல் உரிமை இல்லாமல் இங்கிலாந்துப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

நாலாம்பக்கம்:
இழையை ஸ்பைடர் பக்கம் இழுக்காதீர்கள், அப்புறம் திரும்பவே மாட்டோம். ஆனால் சீகல் உதாரணம் இங்கே பொருந்தும். சூப்பர்மேன் திரைப்படம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் ஓவியர்கள் நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் ஆகியோர் ஊரைக் கூட்டியதால், 1975ல் சீகலுக்கும் சூப்பர்மேனை அவரோடு உருவாக்கிய ஷஸ்டருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை கிடைத்தது. பெயரும் திரும்ப வந்தது.

கரிக்கோல்:
கிர்பி விஷயத்தில் சண்டை ஒரிஜினல் பக்கங்களைப் பற்றியது. 1980களில் மார்வெல் பழைய பக்கங்களை ஓவியர்களுக்குத் திருப்பித் தரத் தொடங்கியது. மற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டியது ஒரு பக்கப் படிவம். கிர்பிக்கு மட்டும் நாலு பக்கம். அதில் கிட்டத்தட்ட எதையும் செய்ய மாட்டேன், எதையும் கேட்க மாட்டேன் என்ற நிபந்தனைகள். பதிலுக்கு அவர்கள் தருவதாகச் சொன்னது 88 பக்கம். ஆயிரக்கணக்கில் வரைந்தவருக்கு 88! சக கலைஞர்கள் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். 1987ல் ஏறக்குறைய 1,900 பக்கங்கள் வந்தன. மீதி எங்கெங்கோ, யார் யார் கையிலோ போயிருந்தன.

அவர் 1994ல் காலமானார். 2009ல் பிள்ளைகள் உரிமையைத் திரும்பப் பெற அறிவிப்பு அனுப்பினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013ல் மார்வெலுக்கே சாதகமாகச் சொன்னது. கம்பெனி கேட்டு, கம்பெனி செலவில் செய்த வேலை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கலாமா என்று பார்க்கவிருந்த நேரத்தில், 2014 செப்டம்பரில், இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. தொகை வெளியாகவில்லை.

நாலாம்பக்கம்:
இதிலெல்லாம் எனக்கும் வருத்தம்தான். ஆனால் கிர்பியும் ஒரு கட்டத்தில் எல்லை தாண்டினார். 1990ல் வெளிவந்த காமிக்ஸ் ஜர்னல் பேட்டியில் லீ எதையுமே எழுதவில்லை, ஸ்பைடர்மேன் கூடத் தன் யோசனை என்றார். ஸ்பைடர்மேனுக்குக் கிர்பி ஐந்து பக்கம் வரைந்தார், அது நிராகரிக்கப்பட்டது என்று டிட்கோவே எழுதியிருக்கிறார். முதல் கதை வந்த இதழின் அட்டைக்குப் பென்சில் கிர்பி, அவ்வளவுதான். இன்று நமக்குத் தெரிந்த உடையும் உடல்மொழியும் டிட்கோவுடையவை.

கரிக்கோல்:
அந்தப் பேட்டியில் கசப்பு பேசியது. ஸ்பைடர்மேன் டிட்கோவுடையது என்பதில் எனக்கு மறுப்பில்லை. லீயின் வசனம் தேவையில்லை என்றும் நான் சொல்லவில்லை. பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தீர்மானித்தவர் கிர்பி என்கிறேன். அதைக் கதை எழுதுவது என்று சொல்லக் கூடாது என்றால் வேறு எதைச் சொல்வது?

மைப்புட்டி:
தாக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1960களில் மார்வெலுக்குப் புதிதாக வந்த ஓவியர்களுக்கு முதலில் கிர்பியின் லேஅவுட்டைக் கொடுத்து அதன் மேல் வரையச் சொன்னார்கள். கம்பெனியின் கை என்று ஒன்று இருந்தால் அது அவர் கை. ஓவியர் ஸ்டெரான்கோ அங்கிருந்துதான் தொடங்கினார். 1980களில் வால்ட் சைமன்சன் தோரை எடுத்து, கிர்பியைப் பார்த்து வரையாமல் கிர்பி யோசித்த மாதிரி யோசித்தார். ஹெல்பாய் வரைந்த மிக்னோலாவின் பெரிய கருப்புத் திட்டுகளிலும் கல் போன்ற கைகளிலும் அவரைத் தொட்டுப் பார்க்கலாம். 2017ல் வந்த தோர்: ராக்னராக் படத்தில் சக்கார் கிரகத்தின் சுவர்களைப் பாருங்கள், அப்படியே கிர்பி.

இன்னொரு வேடிக்கை. நடக்காமல் போன ஒரு திரைப்படத்துக்காக அவர் வரைந்த அரங்க வடிவங்களை, 1980ல் டெஹ்ரானில் மாட்டிக்கொண்ட ஆறு அமெரிக்கர்களை மீட்கப் போன சிஐஏ போலிப் படக்குழு கையோடு எடுத்துப் போனது. கடைசிக் காலத்தில் அவர் நிம்மதியாகச் சம்பாதித்தது டிவி கார்ட்டூனில். ரூபி ஸ்பியர்ஸ் ஸ்டூடியோவில் நல்ல சம்பளம், மருத்துவக் காப்பீடு. காமிக்ஸ் தராதவை.

புதுவரவு_22:
சரி, தோற்றேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இன்னொரு முறை பார்க்கிறேன். எங்கே தொடங்கலாம்?

கரிக்கோல்:
ஃபேண்டாஸ்டிக் ஃபோர் 48லிருந்து 51 வரை. முதல் மூன்றில் உலகமே அழியப் போகிறது. 51ல் ஒரு பொறாமைக்காரன் திங்கின் உடம்பைத் திருடி வந்து கடைசியில் மனம் மாறுகிறான். இரண்டு அளவையும் ஒரே ஆள் வரைந்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பிறகு நியூ காட்ஸ் 7: போரை நிறுத்த இரண்டு தலைவர்கள் பெற்ற மகன்களைப் பணயமாக மாற்றிக்கொள்ளும் கதை.

நாலாம்பக்கம்:
நியூ காட்ஸ் 7க்கு என் ஓட்டும் உண்டு. அதில் பிரசங்கம் குறைவு. ஆனால் முதலில் மிஸ்டர் மிராக்கிள் படியுங்கள், சிரிப்பும் இருக்கிறது, பிக் பார்டாவும் இருக்கிறாள். அவள் குணத்துக்கு மனைவி ரோஸ்தான் முன்மாதிரி என்பார்கள்.

மைப்புட்டி:
எதைப் படித்தாலும் வண்ணம் புதிதாகப் போட்ட பதிப்பைத் தவிர்த்துவிடுங்கள். கம்ப்யூட்டர் பளபளப்பில் கோடு அமுங்கிப்போகிறது. கருப்பு வெள்ளைத் தொகுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

சிவகாசி_வாசகன்:
கருப்பு வெள்ளையா? அப்படியானால் எனக்கும் ஒன்று சொல்லுங்கள். பிளாஸ்கோ பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.